ஆறு பத்து பஸ்

மூன்று மணிக்குக் கிளம்பும் பஸ் வேறு.
அதில் பள்ளிக்கூடமே ஏறிவிடும்.
என்னுடையது ஆறு பத்துக்கு:
பயிற்சி முடிந்து, ஒத்திகை முடிந்து,
ஒத்திகையில் வந்த சண்டையும் முடிந்து
வருகிறவர்களுக்கு.
பதினேழாம் எண் வண்டி.
இடப்பக்க வைப்பர் பிடிவாதக்காரி.

இருக்கை யாருக்கும் ஒதுக்கியதில்லை.
ஆனாலும் மாறி உட்கார மாட்டார்கள்.
முதல் வரிசையில் ராய்ஸ். நாளை மல்யுத்தம்,
காலையில் எடை பார்ப்பார்கள், அதனால்
காலி பாட்டிலுக்குள் எச்சில் துப்பித் துப்பி
அரைக் கிலோ இறங்கப் பார்க்கிறான்.
அடுத்து இட்ஸேல், மடி கொள்ளாத ட்ராம்போனோடு.
ரோபோ சங்கத்து அனஹி, பாக்கெட் நிறையத் திருகாணி;
நடந்தால் சில்லறை போல ஒலிப்பாள்.
கடைசி வரிசையில் நாடகத்துப் பையன்கள்.
ஒருவன் முகத்தில் இன்னும் பாதி ராஜா.

வெளியே பிப்ரவரி.
கொடி அறுத்த ஹாப்ஸ் தோட்டங்களில்
கம்பமும் கம்பியும் மட்டும்.
ஐந்து பள்ளிக்கும் சேர்த்து ஒரே கல்வி மாவட்டம்;
ஒரு முனைக்கும் மறுமுனைக்கும்
முப்பத்தெட்டு மைல், நான்கு ரயில் கேட்,
ஒரே ஒரு சிக்னல் விளக்கு.

பள்ளிக்கூட வரிக்கு ஓட்டு, இந்த வாரம்.
அதற்காகத் தீயணைப்பு நிலையத்தில்
ஸ்பகெட்டி விருந்து வைத்தார்கள்.
இட்ஸேலின் அம்மா ஆப்பிள் ஷெட்டிலிருந்து
தலைவலையைக்கூடக் கழற்றாமல் வந்து பரிமாறினாள்.
ஹால்வார்ட் லுண்ட் மூன்று தட்டு சாப்பிட்டார்.
நானூறு ஏக்கர் தோட்டம் அவருக்கு;
வேண்டாம் என்றுதான் குத்துவார், ஊருக்கே தெரியும்.
ஆனால் ஓர் ஆட்டம் விடமாட்டார்.
சொந்தத் திண்டோடு வந்து உட்கார்ந்து
நடுவரைத் திட்டுவதில் முதல் ஆள்.
அவரை எதிரி என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
என் வீடோ எல்லைக்கு அந்தப் பக்கம்.
எனக்கு ஓட்டே கிடையாது.

கால்வாய்ப் பாலம் தாண்டினால்தான் டவர் கிடைக்கும்.
எல்லாப் போனும் ஒரே நேரத்தில் முனகின.
"தோத்துட்டோம்," என்றாள் அனஹி. "பதினோரு ஓட்டு."

வெட்டுப் பட்டியலில் முதல் வரி
இந்த பஸ்தான் என்று அவர்களுக்கும் தெரியும்.
கடைசி வரிசை ராஜா தலைகளை எண்ணினான்:
ஒன்பது பேர், பத்தாவது நான்.
என்ன கணக்கோ.

பிறகு ராய்ஸ், பாட்டிலை இறக்கிவிட்டு,
"எனக்கு ஜனவரியில பதினெட்டு ஆயிடுச்சு.
வாக்குச்சீட்டு லாக்கர்ல இருக்கு. ஷூவுக்கு அடியில."
பஸ் முழுக்க அவனைப் பார்த்தது.
கொஞ்சம் யோசித்து அவனே,
"போட்டிருந்தா பத்து," என்றான்.

முதலில் சிரித்தது இட்ஸேல்.
சிரிப்பு என்று சொல்லலாமா தெரியவில்லை,
மூக்கால் வந்தது. பிறகு எல்லோரும்,
ராய்ஸும்கூட; கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து
எனக்குச் சாலை மங்கும் அளவுக்கு.

ஏப்ரலில் மறுபடி கேட்கலாமாம்.
ஒரே ஒரு முறை.

ராய்ஸ் இறங்கும் இடத்தில் விளக்கு இல்லை.
சரளைப் பாதை, மேலே ஒரு ட்ரெய்லர் வீடு.
சாலையைக் கடக்கும்வரை நிற்பது விதி.
நான் நாய் குரைக்கும்வரை நிற்பேன்.
இன்று குரைக்க நேரமாயிற்று.

டிப்போவில், கடைசி வரிசை வரை நடந்து
யாராவது தூங்கிக் கிடக்கிறார்களா என்று பார்த்து
பின் கண்ணாடியில் பலகை மாட்ட வேண்டும்:
உள்ளே யாருமில்லை.
இன்று கிடைத்தவை இரண்டு திருகாணி,
அட்டைக் கிரீடத்தின் ஒரு முனை,
உணவு வங்கிக்குச் சேர்த்ததில் உருண்டுபோன
பீச் பழ டப்பா, ராய்ஸின் பாட்டில்.
பாட்டிலை இரு விரலால் தூக்கிப் போய்ப் போட்டேன்.
டப்பாவை என் இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

நாளையும் ஆறு பத்துதான்.
ஜூன் வரைக்கும் பணம் இருக்கிறது.